ஒன்றரை மாத்திரை

6 அக்., திங்கள்

காலையிலிருந்து தூறல். கோட்டை மலை தெரியவில்லை, வெறும் வெள்ளை. துணி காயாது.

இன்றைக்குள் முடிக்க வேண்டியது: கிளினிக் சீட்டு. டாக்டரம்மாவின் கிளினிக்கில் மருந்து வாங்குகிறவர்களுக்கு எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை என்று தமிழில் அச்சடித்துக் கொடுக்கிற புரோகிராம் நான் எழுதியது. பைத்தான் என்ற கணினி மொழியில். சித்திரையிலிருந்து ஓடுகிறது. இப்போது அங்கே மருந்து கொடுக்கிற கலா அக்காவிடமிருந்து இரண்டு புகார்.

ஒன்று, வரிசை கோணல். சில ஊர்ப் பெயர், சில மருந்துப் பெயர் வந்தால் பக்கத்து எண் எல்லாம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. காரணம் கண்டுபிடிக்க அரை நாள். "செஞ்சி" என்பது நமக்கு மூன்று எழுத்து. பைத்தானுக்கு ஆறு. கொம்பு, புள்ளி, விசிறி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. அகலம் பன்னிரண்டு என்று நான் சொன்னால் அதில் பாதியை இந்தக் கொம்புகளே தின்றுவிடுகின்றன. நானே எண்ணுகிற மாதிரி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். நேராக நிற்கிறது.

இரண்டாவது, 1.0. அந்தச் சின்ன பிரின்டரில் புள்ளி சரியாக விழுவதில்லை. க. அக்கா போனில்: "மலரு, ஒரு தாத்தா பத்து மாத்திர இன்னாத்துக்குன்னு சண்ட போட்டுட்டு போறாரு. புள்ளிய எடுத்துடேன்." எடுத்துவிட்டேன். `.1f` இருந்த இடத்தில் `.0f`. 1.0 போய் 1. மூன்று சீட்டு அடித்துப் பார்த்தேன். காலை-மதியம்-ராத்திரி: 1-0-1. 2-0-0. 1-1-1. அழகு.

மதியம் அனுப்பியாயிற்று. க. அக்கா குரல் செய்தி: "சூப்பரு!"

பிளவுஸ் தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை. தீபாவளிக்குள் கிடைக்குமா தெரியாது.

8 அக்., புதன்

மழை இல்லை. புழுக்கம்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னாராம், "இப்பதான் படிக்கிற மாதிரி இருக்குது" என்று. திண்டிவனத்தில் அவருடைய தோழி ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார், அங்கேயும் இதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "மொதல்ல சாப்டு." அவ்வளவுதான்.

சந்தோஷமாக இருக்கும்போதே ஏதோ விட்டுப்போன மாதிரி ஒரு உறுத்தல். எப்போதும் எனக்கு இப்படித்தான். கேஸ் அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான்.

நைனா கடலை போட மணிலா விதைக்கு அலைகிறார், அப்பாவைக் கண்ணில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. கரன்ட் மூன்று தடவை போனது.

11 அக்., சனி

காலை.

வரிசையாக எழுதினால் தெளிவாகுமா பார்க்கிறேன்.

க. அக்கா குழந்தைகளுக்கான சிரப்பையும் சீட்டில் சேர்க்கச் சொல்லியிருந்தார். 2.5 மில்லி என்று போட்டுப் பார்த்தேன். 2 என்று வந்தது. சிரித்தேன் முதலில். சிரப்புக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மாத்திரைக்கும் அதே வரிதான்.

0.5 போட்டேன். 0.
1.5 போட்டேன். 2.

`.0f` என்றால் முழு எண்ணாக்கு என்று அர்த்தம். சரிபாதி வந்தால் பக்கத்தில் இருக்கிற இரட்டை எண்ணின் பக்கம் சாய்ந்துவிடும். அரை மாத்திரை பூஜ்யம். ஒன்றரை மாத்திரை இரண்டு. புள்ளியை எடுக்கச் சொன்னார்கள், நான் பாதியையும் சேர்த்து எடுத்துவிட்டேன். `g` என்று ஒரே ஓர் எழுத்து மாற்றிப் போட்டிருந்தால் 1 என்பது 1, 1.5 என்பது 1.5. ஒரே ஓர் எழுத்து.

மூன்று சீட்டு அடித்துப் பார்த்தேனே. ஒன்றில்கூட அரை இல்லை.

வரியைத் திருத்திவிட்டேன். இனி வருகிறவர்களுக்குச் சரியாக அடிக்கும். யாரும் புகார் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. இந்த எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் திங்கள் முதல் அடித்த தாள்கள் வீடுகளில் இருக்கின்றன. அதைப் பார்த்து இன்றைக்கும் போடுவார்கள்.

டா. அம்மா போன் எடுக்கவில்லை. நேரில் போகிறேன்.

மாலை.

கிளினிக்கில் சனிக்கிழமைக் கூட்டம். வரிசையைத் தாண்டி உள்ளே போனேன், ஒரு பெரியவர் திட்டினார். டாக்டரம்மா யாருடைய முதுகிலோ ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்தார். அங்கேயே நின்று சொன்னேன். முகம் மாறவில்லை. அந்த ஆளை வெளியே உட்காரச் சொன்னார்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"அரை போட்டவங்களுக்கு மாத்திரையே இல்ல. ஒன்றரை போட்டவங்களுக்கு ரெண்டு. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"அழுவாத. பேர எடு."

கம்ப்யூட்டரில் டாக்டர் எழுதியது அப்படியே இருக்கிறது, அச்சில்தான் தப்பு. அதனால் ஆட்களை எடுப்பது கஷ்டமில்லை. பதினொரு பேர். க. அக்கா ஒரு போன், நான் ஒரு போன். கவுன்டரில் வந்தவர்களை டாக்டரம்மாவே நிறுத்தி வைத்தார்.

போனில் கேட்டவை:

"டாக்டரு நிறுத்திட்டாங்கன்னு நெனச்சன் மா. சைபர்னு போட்டிருந்துது."

"நான் அதெல்லாம் பாக்கல, எப்பவும் போடற மாதிரி பாதி போட்டுக்னுதான் இருக்கன்."

"தல சுத்துதுன்னு நேத்துதான் சொன்னாரு. அதனாலயா?" (பி.பி. மாத்திரை. உடனே வரச் சொன்னோம்.)

"நீங்க யாரு பேசறது?"

பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் கிடைக்கவில்லை. அஞ்சலை, மண்டகப்பட்டு. போன் ஸ்விட்ச் ஆஃப். டாக்டரம்மா அந்தப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தம்மாவுக்கு இதயத்துல வால்வு மாத்தியிருக்குது. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திர. ராத்திரி ஒன்றரை. கூடிப்போச்சுன்னா உள்ளயே கசியும்."

என் சீட்டில் இரண்டு.

நைனாவுக்குப் போன் பண்ணினேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, பைக்கோடு வந்துவிட்டார். விழுப்புரம் ரோட்டில் போகும்போதுதான் சொன்னேன், காற்றில் கத்திக் கத்தி. அவர் திரும்பவே இல்லை. "கெட்டியா புடிச்சிக்கோ" என்றார்.

மண்டகப்பட்டில் டீக்கடையில் கேட்டோம். "எந்த அஞ்சல? வால்வு அஞ்சலயா?" வீட்டைக் காட்டினார்கள். பூட்டு. அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா முறத்தோடு வந்தார்.

"அது அவலூர்பேட்டைக்கு பொண்ணு ஊட்டுக்கு போயிருக்குதே. இன்னா சமாச்சாரம்?"

அவரிடம் மருமகன் நம்பர் இருந்தது. கிளினிக்கிலிருந்து பேசுகிறேன் என்றதுமே அந்த ஆள் சொன்னார்: "அத்தக்கி மூக்குல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. காலையில இருந்து. சூடுன்னு சொல்லிக்னு இருக்குது."

டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். உடனே செஞ்சிக்குக் கொண்டுவரச் சொன்னார், தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக. மருமகன் ஆட்டோ ஓட்டுகிறவர், அவருடைய வண்டியிலேயே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து திரும்பினோம். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

கிளினிக் வாசலில் ஆட்டோ. வயதானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை. நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். பச்சைப் புடவை, மூக்கில் துண்டு, துண்டு முழுக்கச் சிவப்பு. முழங்கைக்கு மேல் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. "வெறகு தூக்கனேன், அதுல பட்டுச்சின்னு இருந்தன்" என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினார்.

"நீங்க எழுதனபடிதாம்மா போட்டன். ஒரு நாளுகூட தவறல."

நான் முன்னால் போய், "அத எழுதனது நான்தான் அக்கா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு?"

பதில் சொல்வதற்குள் கார் கதவைச் சாத்தினார்கள்.

12 அக்., ஞாயிறு

வெயில். தகவல் இல்லை.

போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். அம்மா இட்லி வைத்தார், ஆறியது, எடுத்துக்கொண்டு போனார், தோசையாக வந்தது, தின்றேன். பாதி.

பாதி என்ற சொல்லையே எழுதப் பிடிக்கவில்லை.

நடக்கக்கூடியவை:
போலீஸ்.
அந்த மருமகன் ஊரைக் கூட்டிக்கொண்டு வருவது.
டா. அம்மா கிளினிக்கை மூடுவது.
அஞ்சலை அக்கா செத்துப்போவது. (இதைக் கடைசியில் எழுதுகிறேன் பார். முதலில் எழுதியிருக்க வேண்டும்.)

மதியம் டாக்டரம்மாவே கூப்பிட்டார். ரத்தம் நின்றுவிட்டது. உறையாத தன்மை மிகவும் ஏறியிருந்ததாம், மாற்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரையை ரொம்ப நாள் நிறுத்தவும் முடியாது, வால்வில் ரத்தம் கட்டிவிடும். கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"சீட்ட அடிச்சது உன் புரோகிராம். கொடுத்தது என் கவுன்டரு. அஞ்சு நாளா ஒண்ணக்கூட நான் எழுதனதோட ஒத்து பாக்கல மலர். படிக்கிற மாதிரி இருக்குதுன்னு மட்டும் சொன்னேன்."

ஆறுதலாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா, தெரியவில்லை. அச்சடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார். எல்லாம் கையெழுத்து.

க. அக்கா சாயங்காலம் வீட்டுக்கே வந்து அழுதார். "நான்தான மலரு புள்ளிய எடுக்கச் சொன்னன்." அவர் சொன்னது சரியான புகார். நான் செய்ததுதான் தப்பு. சொன்னேன். நம்பவில்லை.

14 அக்., செவ்வாய்

விழுப்புரம், ஆஸ்பத்திரி. போகாதே என்றார் அம்மா. நைனா பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். "அடிச்சாகூட வாங்கிக்கோ. எதுத்து பேசாத."

யாரும் அடிக்கவில்லை. மகள் வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். என்னை விடச் சின்னவள், இடுப்பில் குழந்தை.

"இன்னாத்துக்கு வந்த? பழம் குடுத்துட்டு போட்டோ எடுக்கவா?"

"இல்ல. பாத்துட்டு..."

"எங்கம்மாவுக்கு எதாச்சும் ஆயிருந்தா இன்னா பண்ணியிருப்ப? சொல்லு. இன்னா பண்ணியிருப்ப?"

நின்றேன். உள்ளேயிருந்து குரல், "யாருடி அது? உள்ள உடு."

அஞ்சலை அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் பஞ்சு இல்லை. கன்றிய இடம் மஞ்சளாகியிருந்தது. பேச்சு தெளிவு. பேசும்போது நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று மெல்லிய சத்தம், முதலில் கடிகாரம் என்று நினைத்தேன். அது வால்வு.

"கம்ப்யூட்டரு தப்பே பண்ணாதுன்னு சொல்றாங்களே?"

"அது பண்ணல அக்கா. முழுசா மட்டும் காட்டுன்னு நான் சொல்லிட்டேன். அது ஒண்ணரைய ரெண்டாக்கிடுச்சு. பாதியும் இருக்கும்னு நான் யோசிக்கல."

"பாதி இல்லாம எப்பிடி? நான் பிளேடு வெச்சில்ல உடைக்கிறன், தெனம்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்த வாரம் பிளேடு வேல இல்லன்னு எனக்கு சந்தோசமாகூட இருந்துது. ரெண்டு முழுசு, முழுங்கிட்டு படுத்தாச்சு."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் குழந்தை எட்டிப் பார்த்தது. மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

16 அக்., வியாழன்

மழை நல்ல மழை. பஜாரில் பட்டாசுக் கடைகளுக்குத் தார்ப்பாய்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். முழுவதும் புதிதாக.

எண்ணே வேண்டாம். எழுத்து. கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு, இரண்டரை. தமிழில் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது, நான்தான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட வேண்டாத வேளைக்குப் பூஜ்யம் போடாமல் சின்னக் கோடு. இந்தச் சொற்களில் அடங்காத அளவு வந்தால் கிட்டத்தட்ட எதையாவது அடிக்கக் கூடாது, "டாக்டரைக் கேளுங்கள்" என்று நின்றுவிட வேண்டும். அகலம் போதாவிட்டால் அடுத்த வரிக்குப் போகட்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

எல்லா அளவையும் ஓட்டிப் பார்க்கிற சோதனையும் எழுதியாயிற்று. ஓட்டினேன். சரி. மறுபடி ஓட்டினேன். சரி. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி. இது சோதனை இல்லை, வியாதி என்று எனக்கே தெரிகிறது.

நைனா ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உட்டுட்டு வேற வேல பாக்கறியா?"

"தெரியல நைனா."

"பயமா இருக்குதா?"

"ம்."

"இருக்கட்டும். பயம் இல்லாம மருந்துல கைய வெக்கக் கூடாது." எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

திண்டிவனத்திலிருந்து போன் வரவில்லை. வராது.

18 அக்., சனி

அஞ்சலை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். மண்டகப்பட்டுக்கே. மகள் கூட வந்திருக்கிறாள். ரத்தப் பரிசோதனை சரியான அளவுக்கு இறங்கியிருக்கிறது, மாத்திரை மறுபடி தொடக்கம், அதே ஒன்றரை. க. அக்கா சொல்லித்தான் தெரியும்.

பி.பி.க்காரரும் நன்றாக இருக்கிறார். கடை வீதியில் பார்த்தேன். என்னை அவருக்குத் தெரியாது. நான் மட்டும் ஒதுங்கி நின்றேன்.

பிளவுஸ் வந்தது. கை இறுக்கம்.

20 அக்., திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெடிச் சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப் போடுகிறது. போன் அடித்தால் அதைவிட.

22 அக்., புதன்

தூறல். குளிர்.

டாக்டரம்மா கூப்பிட்டார். போனேன். புதுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேனாவால் குறி போட்டார். ஒன்றரை என்ற இடத்தில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் தான் எழுதியதோடு ஒப்பிட்டார். பிறகு க. அக்காவைக் கூப்பிட்டு இனி நடைமுறை இது என்றார்: சீட்டைக் கொடுக்கிறவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், வாங்குகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம்தான் மருந்துக் கவர்.

"கூட்டமா இருந்தா மேடம்?" என்றார் க. அக்கா.

"நிக்கட்டும்."

என்னிடம்: "நாளையிலேர்ந்து போடலாம். எதையாச்சும் மாத்தணும்னா என்கிட்ட சொல்லிட்டுதான். ஒரு புள்ளியா இருந்தாலும்."

சரி என்றேன். சந்தோஷம் வரவில்லை. வந்தது பயம்தான், ஆனால் வேறு மாதிரி பயம், உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிற பயம்.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு தெரியாத நம்பரிலிருந்து போன். எடுக்கவா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்று மறுபடி அடித்தது.

"ஏம்மா, நான் அஞ்சல பேசறன். மண்டகப்பட்டு."

எழுந்து நின்றுவிட்டேன். "சொல்லுங்க அக்கா. என்னாச்சு? ரத்தம் ஏதாச்சும்..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பொண்ணு ஊருக்கு போயிட்டா. கலா கையில எழுதி குடுத்த சீட்டு இங்கதான் இருக்குது. படிக்கிறன், ஆனா மனசு நிக்க மாட்டேங்குது. அதான் கலாகிட்ட உன் நம்பர வாங்கிவெச்சன். நீ சொல்லு. ராத்திரிக்கி எவ்ளோ?"

"ஒண்ணரை அக்கா."

"ஒண்ணு முழுசு, ஒண்ணு பாதி."

"ஆமா. ஒண்ணு முழுசு, ஒண்ணு பாதி."

"இரு, வெச்சிடாத." போனைக் கீழே வைக்கிற சத்தம். தாள் பிரிகிற சத்தம். பிளேடு பலகையில் ஒரு தட்டு. அப்புறம் சொம்பு. விழுங்குகிற வரை காதிலிருந்து எடுக்கவில்லை நான்.

"போட்டுக்கினன். நாளைக்கும் கூப்புடுவன், எடு."